இவருக்கு நெஞ்சு வலி

ஜூலை 3, வியாழன்

இன்று முதல் இவருடைய நெஞ்சு வலியை எழுதி வைக்கும் பொறுப்பு எனக்கு. டாக்டர் ஜெபசீலியின் உத்தரவு.

எல்லாவற்றுக்கும் காரணம் இருதயராஜ். இவரோடு மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். போன வாரம் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்து, பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். திரும்பி வரும்போது கை நெஞ்சின்மேல் இருந்தது. பெயரிலேயே இருதயத்தை வைத்திருந்தவனுக்கே இந்தக் கதி என்றால் என் கதி என்ன என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

இன்று பள்ளியில் பெர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்தத் தாளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, தப்பாக ஒன்றும் தெரியவில்லை என்றார். தேர்வில் தேறிய பிள்ளை இப்படி முகம் வாடி நான் பார்த்ததில்லை.

"ஆனா வலிக்குதே டாக்டர்" என்றார் இவர்.

"அப்ப எழுதி வைங்க சார். எப்ப வந்துச்சு, என்ன செஞ்சிட்டு இருந்தீங்க, எவ்வளவு நேரம் இருந்துச்சு, எப்படிப் போச்சு. இந்த நாலும் எனக்கு வேணும்."

தன் கையெழுத்து தனக்கே புரியாது என்று இவர் சொன்னார். வீட்டில் கணக்கு டீச்சர் இருக்கும்போது என்ன கவலை என்று டாக்டர் என்னைப் பார்த்தார். கூட்டுறவு வங்கியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

எப்போது வந்தது: மாலை, காபிக்குப் பிறகு. என்ன செய்துகொண்டிருந்தார்: மசால் வடை தின்றுகொண்டிருந்தார். எத்தனை வடை என்று கேட்டதற்கு, டாக்டர் அதைக் கேட்கவில்லையே என்றார். எவ்வளவு நேரம்: டிவியில் செய்தி முடியும் வரை. எப்படிப் போனது: எதிர்வீட்டில் ஏதோ சண்டைச் சத்தம் கேட்டது, என்னவென்று பார்க்க வாசலுக்கு ஓடினார், திரும்பி வரும்போது வலி இல்லை.

டைரியின் இந்தப் பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவை இந்த வருடம் இரண்டாவது மாடியில் போட்டிருக்கிறார்கள். கையில் நாற்பது கணக்கு நோட்டு. பாதிப் படியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தேன். போன வருடத்து அறிவிப்பு. தாடை விண்விண்ணென்றது. கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

இவர் தன் ஈசிஜியை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் இவருடைய இதயம் என்னைப் பார்த்தது.

மத்தியானம் அதைக் கழற்றி மேசையில் வைத்து உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருடமாக வரைபடத் தாள் திருத்துகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம்? முதல் பார்வையிலேயே அளவுத்திட்டம் எழுதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிடையாக நேரம், செங்குத்தாக மின்னழுத்தம். ஒரு பெரிய கட்டம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. முந்நூறை இரண்டு சிகரங்களுக்கு நடுவே இருக்கும் பெரிய கட்டங்களால் வகுத்தால் நாடித் துடிப்பு வந்துவிடுகிறது. இவருக்கு எழுபத்தைந்து. முதலில் ஒரு சின்ன மேடு, அது பி. இதயத்தின் மேல் அறைகள் சுருங்கப் போகின்றன என்று அர்த்தம். பிறகு செங்குத்தாக ஏறி இறங்கும் கோபுரம், க்யூ ஆர் எஸ். அது கீழ் அறைகளுக்கு. பிறகு ஒரு தட்டையான துண்டு. கடைசியில் டி என்று ஒரு வளைந்த மேடு. அடுத்த துடிப்புக்குத் தசை தயாராகிறது. அந்தத் தட்டையான துண்டுதான் முக்கியமாம். அது கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் தரைமட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லையென்றால் தரைக்குக் கீழே இறங்கிவிடும். செல்போனில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இவருக்குத் தரையில்தான் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

இவர் பின்னால் வந்து நின்று, கரண்ட் விஷயம் கணக்கு டீச்சருக்குப் புரியாது என்றார். மேல் அறையில் இருப்பது சப்-ஸ்டேஷனாம். அங்கிருந்து லைன் கீழே வருகிறதாம். தன்னுடையதில் எங்கோ லூஸ் கான்டாக்ட். வெயில் நேரத்தில் மட்டும் தெரியும் வகை. மிஷினுக்கு அகப்படாது, அனுபவம் உள்ளவனுக்குத்தான் அகப்படும் என்றார்.

ஜூலை 9, புதன்

இவருக்கு இன்று வலி இல்லை. நாள் முழுக்க ஏமாற்றமாக இருந்தார்.

ஜூலை 12, சனி

பல் டாக்டரிடம் போனேன். தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். வலிக்கும்போது எந்தப் பல் என்று தொட்டுக் காட்டச் சொன்னார். என்னால் காட்ட முடியவில்லை. அங்கே இருக்கும்போது வலியே இல்லை. வந்ததற்குச் சுத்தம் செய்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. கீழ்க்குழாயிலிருந்து மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். சுத்தம் செய்த பல் உடனே வலிக்க ஆரம்பித்துவிட்டது. இடது கையும் சேர்ந்து வலித்தது. குடம் தூக்கிய கை அது இல்லை என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. உட்கார்ந்து விசிறிக்கொண்டதும் இரண்டும் சரியாகிவிட்டன. பல் டாக்டரை மாற்ற வேண்டும்.

இவரால் மோட்டாரைத் தொட முடியவில்லை. முப்பது வருடம் மின்வாரியத்தில் ஃபோர்மேன். நெஞ்சு வலிக்காரன் கரண்ட் அருகே போகக் கூடாதாம்.

ஜூலை 16, புதன்

காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது இவர் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் மதிவதனியைப் போனில் கூப்பிட்டு விடை பெற்றுக்கொண்டிருந்தார். ஏடிஎம் ரகசிய எண்ணைச் சொன்னார். அம்மாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள், அவளுக்கு விவரம் பத்தாது என்றார். பின்னல் பாதியில் நின்றது.

ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு நான்தான் ஓடினேன். ஆஸ்பத்திரியில் இவரைப் படுக்க வைத்து மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. அந்த வழியாக வந்த நர்ஸ் நின்று, "அம்மா, ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, அவருக்குத்தான் என்று உள்ளே கையைக் காட்டினேன். அவள் நம்பாமல் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து இவர் அதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே, வலி வந்தது யாருக்கு, வைத்தியம் யாருக்கு என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஈசிஜி சரியாக இருக்கிறது. இவருடையது.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு ஈசிஜிகளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சர்வசமம். இவருக்கு நம்பிக்கை இல்லை.

டாக்டர் ஜெபசீலி நேற்றே சொல்லிவிட்டார்: சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது, நடக்க விட்டு எடுத்தால்தான் தெரியும், அடுத்த சனிக்கிழமை டிரெட்மில் டெஸ்ட். எனக்கு இது உடனே புரிந்தது. தலைமையாசிரியை வகுப்பில் நிற்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒழுக்கமாகத்தான் இருக்கும். பயிற்சி மூன்று புள்ளி ஐந்தில் கடைசிக் கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்; அப்போதுதான் யாருக்கு என்ன தெரியும் என்பது வெளியே வரும்.

இவர் வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட ஷூ ஒன்று வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறார். நடக்கும்போது வலி உண்டா என்று கேட்டேன். ஷூ கடிக்கிறது, மற்றபடி இல்லை என்றார்.

ஜூலை 23, புதன்

இவர் வலி: இல்லை. பயம்: உண்டு.

பத்தாம் வகுப்பைக் கீழே மரத்தடிக்கு வரச் சொல்லிவிட்டேன். மேலே காற்றோட்டம் இல்லை என்று காரணம் சொன்னேன். மேலேதான் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஒன்றும் கேட்கவில்லை. பிரேமா டீச்சர் மட்டும், "என்னக்கா, வர வர மெலிஞ்சு வெளுத்துப் போறீங்க" என்றாள். பவுடர் மாற்றியிருக்கிறேன் என்றேன்.

ஜூலை 26, சனி

விவரமாக எழுத வேண்டிய நாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

டெஸ்ட் எடுக்கும் அறை மேல்மாடியில். லிஃப்ட் பழுது. இவர் புது ஷூவோடு முன்னால் ஏறிப் போய்விட்டார், ஏறும்போதே லிஃப்ட் மெக்கானிக்கின் தகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டே. நான் ஃபைல், தண்ணீர் பாட்டில், துண்டு, இவர் மாற்றிக்கொள்ளச் சட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு கையால் கதவையும் மறு கையால் தாடையையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. டாக்டருக்குத் தெரிந்தது.

"என்னம்மா, பல் வலியா?"

ஆமாம் என்றேன். எப்போது வரும் என்று கேட்டார். மாடி ஏறும்போது என்றேன். எவ்வளவு நேரம் இருக்கும்? கொஞ்ச நேரம்தான். எப்படிப் போகும்? நின்றால் போய்விடும். வேறெங்காவது வலிக்குமா? இடது கை. சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்து, கடைசி வரிக்கு முந்தின வரியில் விடை என்னவென்று தெரிந்துவிடுமே, அந்த மாதிரி இருந்தது.

இவர், "அவளுக்குப் பல்லு டாக்டர், எனக்கு நீங்க. நேரமாகுது டாக்டர்" என்றார்.

முதலில் இவர் ஏறினார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டும்போது எது எந்த ஃபேஸ் என்று டெக்னீஷியனிடம் கேட்டுக்கொண்டார். பெல்ட் ஓட ஆரம்பித்தது. சரிவு கூடியது, வேகம் கூடியது, இவர் நடந்தார். முழுவதும் நடந்தார். இறங்கும்போது வியர்வையும் பெருமையுமாக, இன்னும் கொஞ்சம் வேகம் வைத்திருக்கலாம் என்றார். கோடு தரையை விட்டு அசையவில்லை.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். ஒழுங்காக இருந்தது. அப்பாடா என்று எழுந்தேன். "அம்மா, நீங்களும் கொஞ்ச தூரம் நடந்து காட்டுங்க, நான் பக்கத்துலயே நிக்கேன்" என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் கட்டம் சரி. இரண்டாவது கட்டத்தில் சரிவு கூடியதும் தாடை வலி வந்துவிட்டது. பிறகு கை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எதிரே திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டையான துண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கீழே இறங்கியது. பொய் சொல்லிப் பயனில்லை. நானே, "இறங்குது டாக்டர்" என்றேன். அவர் ஏற்கெனவே மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துப் படுக்க வைத்தார்கள். தலை கனத்தது, தாடை வலி போனது. டாக்டர் தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு சின்னக் கட்டம் இறங்கியிருந்தது. நானும் எண்ணிவிட்டேன்.

"சும்மா இருக்கும்போது போற ரத்தம் போதும்மா. வேலை கொடுத்தா இதயம் கூடக் கேக்குது, குழாய் சுருங்கியிருக்கிறதால வரல. அதான் தாடைல வந்து சொல்லுது. பொம்பளைங்களுக்கு நெஞ்சிலதான் வலிக்கணும்னு கிடையாது. தாடை, கை, முதுகு, வெறும் அசதி, இப்படியும் வரும்."

ரத்தக் குழாயைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். தாமதிக்க வேண்டாம், புதன்கிழமை திருநெல்வேலிக்குப் போங்கள் என்றார். அதுவரை படி ஏறக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பள்ளிக்கூடம் கூடாது. மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்.

இவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஷூ மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இறங்கும்போது ஃபைல், பாட்டில், துண்டு, சட்டை எல்லாவற்றையும் இவரே தூக்கிக்கொண்டார். என் கைப்பையையும் பிடுங்கிக்கொண்டார். படி படியாக என் முன்னால் பின்பக்கமாக இறங்கினார், நான் விழுந்தால் பிடிப்பதற்காம். விழப் பார்த்தது இவர்தான்.

ஜூலை 27, ஞாயிறு

புதன்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டேன். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. வடிவியலில் பாதி மிச்சம், வரைபடம் இன்னும் தொடவே இல்லை. தேர்வு முடிந்து விடுமுறையில் போய்க்கொள்ளலாம். இத்தனை நாள் இருந்த அடைப்பு இன்னும் இரண்டு மாதம் இருந்தால் என்ன? மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்களே.

மதிவதனி போனில் அழுதாள், பிறகு திட்டினாள். நாளைக்கு வருகிறாள். இவர் காலையிலிருந்து ஒரு தடவைகூட நெஞ்சைப் பிடிக்கவில்லை. மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தன் ஈசிஜியைக் கழற்றிவிட்டார்.

சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார்.

"செண்பகம், நீ புதன்கிழமை வார."

பிள்ளைகளுக்கு வரைபடம் முடிக்கவில்லை என்றேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். மொத ஈசிஜி எடுத்தன்னைக்கே தெரியும். நீ பக்கத்துல இருக்கங்கிற தைரியத்துலதான் நான் பாட்டுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்ப எனக்குப் பயப்படக்கூடத் தைரியம் இல்ல."

சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். காம்பைப் பாத்திரத்தில் போட்டுக் காயைக் குப்பையில் போட்டார். நான் திருத்தவில்லை.

ஜூலை 28, திங்கள்

விடுப்பு விண்ணப்பம் கொடுத்தனுப்பினேன். வரைபடத்தைப் பிரேமா டீச்சர் எடுக்கிறாள். அளவுத்திட்டம் எழுதாத பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இவர் சொன்னதற்காகச் சம்மதித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். லிஃப்ட் இல்லாத பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் மரத்தடியில் பாடம் நடத்த முடியும்?

ஜூலை 30, புதன்

இன்று எழுதுவது சங்கரபாண்டியன், ஃபோர்மேன், ஓய்வு. டைரியில் நாள் விடக் கூடாது என்று உள்ளே போகும்போது செண்பகத்தின் உத்தரவு. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

காலை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, அது வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை விடுகிறார்கள். மருந்தைச் செலுத்திப் படம் பார்த்தார்கள். முன்பக்கத்துப் பெரிய குழாயில் ஒரு இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அடைப்பு. மற்ற குழாய்கள் பரவாயில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். நல்ல லைன் ஒன்று திடீரென்று நூலாகப் போய், மறுபடி லைனாக வருகிறது. அந்த நூலில்தான் இவள் இத்தனை நாள் நோட்டும் குடமும் சுமந்திருக்கிறாள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இதயம் ஓடிக்கொண்டேதான் இருந்ததாம். சப்ளையை நிறுத்தாமல் லைனில் கை வைக்கிறார்கள். எங்கள் ஆட்களாக இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் கம்பத்தில் ஏறமாட்டார்கள். டாக்டர்களுக்கு என் வணக்கம்.

என்னுடைய விவரமும் எழுத வேண்டும், டைரி என் பெயரில்தானே இருக்கிறது. எப்போது வந்தது: அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபோது. என்ன செய்துகொண்டிருந்தேன்: அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்: கதவு திறக்கும் வரை. எப்படிப் போனது: வெளியே வந்தவள் கண்ணைத் திறந்து, "டென்த் பி-க்கு இன்னைக்கு யாரு போனா?" என்று கேட்டதும் போய்விட்டது.

டாக்டரிடம் சொல்லவில்லை. அங்கே எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். முந்தின பக்கத்தில் இவர் எழுத்து நான்கு இடத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

மதிவதனி சமைக்கிறாள். நான் கட்டிலில். ஓய்வாக இருங்கள் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கட்டிலில் என் காலருகே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருதயராஜ் அண்ணன் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். தலைமுடி இப்போது இரண்டு பக்கமும் சமம். எந்தக் குழாய், எத்தனை சதவீதம், மணிக்கட்டிலா தொடையிலா, எந்த மாத்திரை காலையில் எந்த மாத்திரை மாலையில் என்று இருவரும் ரொம்ப நேரம் பேசினோம். எனக்கும் அவருக்கும் ஒரே குழாய். இவர் இரண்டு தடவை பேச்சில் நுழையப் பார்த்தார். "ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, பேசாம இரு" என்றார் அண்ணன். இவர் எழுந்து காபி போடப் போனார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதிவதனி ஊருக்குப் போய்விட்டாள். சமையல் இவர் பொறுப்பு. உப்பு குறைக்கச் சொன்னார்கள், இவர் போடுவதே இல்லை. எண்ணெய் குறைக்கச் சொன்னார்கள், இன்று தோசையைக் கல்லிலிருந்து உளி வைத்துப் பெயர்க்க வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் அதேதான் என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் ஜெபசீலியிடம் போனோம். ஈசிஜி எடுத்தார். தாளை என்னிடமே நீட்டி, "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார். துடிப்பு அறுபத்தெட்டு, இடைவெளி சீராக இருக்கிறது, தட்டையான துண்டு தரையில் இருக்கிறது என்றேன். சரிதான் என்றார். ஆனால் படுத்திருக்கும்போது எடுத்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாதல்லவா என்று நானே கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். இந்த மாதம் மெதுவாக நடங்கள், அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகலாம், மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார்.

இவர் தயங்கித் தயங்கித் தனக்கும் ஒரு ஈசிஜி எடுத்துவிடலாமா என்று கேட்டார். டாக்டர் வெளியே காத்திருப்பவர்களைக் கையால் காட்டினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று வலி எதுவும் இல்லை. யாருக்கும் இல்லை.

காலையில் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். மூச்சு வாங்கவில்லை, தாடை வாயே திறக்கவில்லை. குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு மரண அறிவிப்பு. யாரோ தெரியாத பெண். என் வயது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேப்பரை மடித்து வைத்தேன். மறுபடி பிரித்து அவள் வயதைப் பார்த்தேன். காலை மாத்திரையைப் போட்டுவிட்டேன். அந்த நூல் போன்ற இடத்தை எனக்கும் பிறகு திரையில் காட்டியிருந்தார்கள். அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எழுந்து ஏதாவது வேலையைப் பார்ப்பேன். துணி மடிக்கலாம், நோட்டு திருத்தலாம். இன்று எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"என்னங்க" என்றேன். சமையலறையிலிருந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். வலி இல்லை, பயம் மட்டும்தான் என்றேன். ஒன்றும் ஆகாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பயம் விஷயத்தில் இவருக்கு அனுபவம் அதிகம். எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, துளை போட்ட மணிக்கட்டைத் தொடாமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். அணைத்தது பக்கத்து அடுப்பு. ரசம் சுண்டிப் பாத்திரம் கருகும் வாசனை கூடம் வரை வந்தது. எனக்கும் வந்தது, இவருக்கும் வந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தோம்.